நாலு வருட இடைவெளிக்குப் பிறகு மறுபடி டாக்டராக முடியுமா? பிளாபா, எம்.ஆர்.சி.பி.யா?

முன்னாள்_எம்டி

இங்கே எழுதுவது இதுதான் முதல் தடவை, நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள். வயது 39. எம்.டி. பொது மருத்துவம் முடித்து ஆறு வருடம் வேலை பார்த்தேன், அதில் கடைசி இரண்டு வருடம் முழுக்க ஐ.சி.யூ. கணவரின் வேலைக்காக பிரிட்டனுக்கு வந்து நாலு வருடம் ஆகிறது. வந்த புதிதில் ஆறே மாதத்தில் பரீட்சை எழுதி முடித்துவிடுவேன் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். முதலில் கைக்குழந்தை, அப்புறம் அப்பாவின் உடல்நிலை. அதற்குள் கஷ்டப்பட்டு வாங்கிய ஓ.இ.டி. (டாக்டர்களுக்கான ஆங்கிலத் தேர்வு) மதிப்பெண்ணுக்கு இரண்டு வருடக் கெடு முடிந்து அதுவும் போச்சு.

போன வாரம் மகளின் பள்ளிப் படிவத்தில் 'தாயின் தொழில்' என்று ஒரு கட்டம். பேனாவை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். எழுதினால் பொய், எழுதாவிட்டாலும் பொய் மாதிரி இருந்தது. அன்றைக்கு ராத்திரி பெட்டியிலிருந்து ஸ்டெதஸ்கோப்பை எடுத்துப் பார்த்தேன். குழாய் விறைத்துப் போய், மடித்து வைத்த வளைவிலேயே நிற்கிறது, கழுத்தில் போட்டால் உட்காரவில்லை.

என் கேள்விகள்: வெளிநாட்டில் படித்தவர்கள் இங்கே டாக்டராகப் பதிவு வாங்க எழுதும் பிளாப் எழுதுவதா, நேரே எம்.ஆர்.சி.பி. என்ற மேல்நிலைத் தேர்வு எழுதுவதா? நாலு வருட இடைவெளியை யாராவது மன்னிப்பார்களா? வேலையே கிடைப்பதில்லை என்று எல்லாரும் சொல்கிறார்களே, இதில் இறங்குவதில் அர்த்தம் இருக்கிறதா? வீட்டில் மெடிக்கல் கோடிங் (நோய், சிகிச்சைக் குறிப்புகளைக் குறியீடுகளாக மாற்றும் கணினி வேலை) படி என்கிறார்கள். ஆறுதல் வேண்டாம், நிலவரத்தைச் சொல்லுங்கள்.

இரவுப்பணி

வணக்கம் டாக்டர். நான் பிளாப் வழியாக வந்தவன், இங்கே ஏழாவது வருடம், இப்போது மருத்துவப் பிரிவில் ரெஜிஸ்ட்ரார் (மூத்த நிபுணருக்கு அடுத்த நிலை டாக்டர்). ஆறுதல் வேண்டாம் என்றதால் நேராகவே சொல்கிறேன். உங்கள் பிரச்சினை பரீட்சை இல்லை. எம்.டி. முடித்தவருக்கு பிளாப் 1 என்ன பெரிய விஷயம், மூன்று மணி நேரத்தில் 180 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் ஒரே சரியான விடை, மூன்று மாதம் ஒழுங்காக உட்கார்ந்தால் முடிந்தது. நோயாளியைத் தொட்டு நாலு வருடம் ஆகிவிட்டதுதான் பிரச்சினை, அது ஐந்தாக ஆகிக்கொண்டிருக்கிறது. வேலைக்கு ஆள் எடுப்பவர் சி.வி.யில் முதலில் பார்ப்பது கடைசியாக எப்போது வார்டில் நின்றீர்கள் என்பதைத்தான். அதனால் எந்தப் பரீட்சை என்ற கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, எந்த வழியில் போனால் சீக்கிரம் ஒரு வார்டுக்குள் கால் வைக்கலாம் என்று யோசியுங்கள்.

பிளாப் 2 வேறு கதை. அது செயல்முறைத் தேர்வு, மான்செஸ்டரில் மட்டும் நடக்கும். 16 அறைகள், ஒவ்வொன்றிலும் எட்டு நிமிடம், உள்ளே போகுமுன் கதவில் ஒட்டியிருப்பதைப் படிக்க ஒன்றரை நிமிடம். இரண்டாவது அறையில் நான் என்ன செய்தேன் தெரியுமா? நோயாளியாக நடிக்கும் அம்மா, நெஞ்சுவலி என்று வந்திருக்கிறார். நான் மடமடவென்று எங்கே வலி, எப்போதிலிருந்து, கைக்குப் பரவுகிறதா, வியர்த்ததா என்று நாலு நிமிடத்தில் எல்லாவற்றையும் கேட்டு முடித்து, ஈ.சி.ஜி., ட்ரோபோனின், அட்மிஷன் என்று சொல்லிவிட்டு, மீதி நேரத்தை என்ன செய்வது என்று தெரியாமல் நின்றேன். அந்த அம்மா மெதுவாக, "என் தங்கச்சி போன மாதம் இதே மாதிரிதான் போனாள்" என்றார். அதை நான் கேட்கவே இல்லை. எதற்குப் பயப்படுகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் முதல் நிமிடத்திலேயே சொல்லியிருப்பார். ஒரு நாளைக்கு நூறு பேரைப் பார்த்துப் பழகிய நமக்கு அந்தக் கேள்வி வாயிலேயே வராது. நோயாளி என்ன நினைக்கிறார், எதற்குப் பயப்படுகிறார், நம்மிடம் என்ன எதிர்பார்க்கிறார், இந்த மூன்றையும் கேட்காமல் அறையை விட்டு வந்தால் மருத்துவ அறிவு எவ்வளவு இருந்தாலும் மதிப்பெண் போய்விடும். பழகுவிதத்துக்கென்றே தனியாக மதிப்பெண் வைத்திருக்கிறார்கள். அன்றைக்குத் தேறிவிட்டேன் என்றாலும் அந்த அம்மாவின் முகம் இன்னும் மறக்கவில்லை, நடிப்பென்று தெரிந்தும்.

காகித வேலையை இன்றே தொடங்குங்கள். பட்டத்தை எபிக் என்ற சேவை வழியாகக் கல்லூரியே நேரடியாக உறுதிசெய்ய வேண்டும், கல்லூரி அலுவலகத்தில் அந்த மின்னஞ்சலை யாராவது திறக்க வைப்பதே தனிப் போராட்டம். கடந்த ஐந்து வருடத்தில் எந்தெந்த மருத்துவக் கவுன்சிலில் பதிவு இருந்ததோ அங்கிருந்தெல்லாம் நன்னடத்தைச் சான்று கேட்பார்கள், அதற்கு ஆயுள் மூன்றே மாதம், அதை மட்டும் முன்கூட்டியே வாங்கிவிடாதீர்கள்.

மூன்றாம்முயற்சி

அமெரிக்காவிலிருந்து. இடைவெளி பற்றி இரவுப்பணி சொன்னது இங்கே இன்னும் கொடூரமாகப் பொருந்தும். பல ரெசிடென்சி (மருத்துவமனை மேற்பயிற்சி) இடங்களில் பட்டம் வாங்கி ஐந்து வருடம் தாண்டினால் விண்ணப்பத்தைத் திறப்பதே இல்லை, வடிகட்டியில் போட்டுவிடுகிறார்கள். இங்கத்திய உரிமத் தேர்வின் முதல் கட்டமான ஸ்டெப் 1, 2022 ஜனவரியிலிருந்து வெறும் தேர்ச்சி, தோல்வி என்று ஆகிவிட்டது. முன்பு நம்மாட்கள் அதில் பெரிய மதிப்பெண் எடுத்துத்தான் கண்ணில் படுவார்கள், அந்தக் கதவும் சாத்தியாகிவிட்டது. இப்போது எல்லாப் பாரமும் ஸ்டெப் 2 மேல்.

நான் மூன்று தடவை மேட்ச்சில் உட்கார்ந்தேன். தெரியாதவர்களுக்கு: நாம் விரும்பும் மருத்துவமனைகளை நாம் வரிசைப்படுத்துவோம், அவர்கள் நம்மை வரிசைப்படுத்துவார்கள், ஒரு கணினி இரண்டையும் பொருத்தும். இந்த மாதிரிப் பொருத்தக் கணக்குக்குத்தான் ராத், ஷேப்லி இருவருக்கும் 2012இல் பொருளாதார நோபல் கொடுத்தார்கள். நோபல் வாங்கிய கணக்கு நம்மைக் கழித்துவிட்டது என்று முதல் வருடம் சொல்லிச் சிரித்தேன், இரண்டாம் வருடம் சிரிப்பு வரவில்லை. மார்ச் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை மின்னஞ்சல் வரும், இடம் கிடைத்ததா இல்லையா என்று மட்டும். எந்த ஊர் என்பது வெள்ளிக்கிழமைதான். நான் இரண்டு வருடம் திங்கட்கிழமையோடு நின்றவன். 2025 கணக்கில் அமெரிக்கக் குடியுரிமை இல்லாத வெளிநாட்டுப் பட்டதாரிகளில் 58 சதவீதம் பேருக்குத்தான் இடம் கிடைத்தது, அங்கேயே எம்.டி. படித்த மாணவர்களுக்கு 93க்கு மேல். அந்த மீதி 42இல் இருப்பவர்கள் யாரும் மக்கு இல்லை என்று எனக்குத் தெரியும், நானே இருந்திருக்கிறேன்.

முன்னாள்_எம்டி

பதில்களுக்கு நன்றி, இரண்டையும் இரண்டு தடவை படித்தேன். இரவுப்பணி சார், வார்டுக்குள் கால் வைப்பது என்கிறீர்கள், பதிவு இல்லாமல் எப்படி உள்ளே விடுவார்கள்? மூன்றாம்முயற்சி, மூன்றாவது தடவை என்ன ஆனது என்று சொல்லாமல் விட்டுவிட்டீர்களே.

மூன்றாம்முயற்சி

கிடைத்தது. உள்மருத்துவம், யாரும் விரும்பிப் போகாத ஒரு சின்ன ஊர். நடுவில் இருந்த இரண்டு வருடத்தில் ஒரு ஆய்வுக்கூடத்தில் ஊதியமில்லாமல் தரவு ஏற்றினேன், அங்கிருந்த பேராசிரியர் எழுதிய பரிந்துரைக் கடிதம்தான் உள்ளே தள்ளியது என்று நினைக்கிறேன். விசா ஜே-1. படிப்பு முடிந்ததும் இரண்டு வருடம் சொந்த நாட்டில் இருக்க வேண்டும் என்பது விதி, அதிலிருந்து விலக்கு வேண்டுமானால் டாக்டர் பற்றாக்குறை உள்ள பகுதியில் மூன்று வருடம் வேலை. கான்ராட் 30 என்பார்கள், மாநிலத்துக்கு வருடம் 30 பேர். ஆக, சின்ன ஊர்களில் இன்னும் நிறைய நாள் இருப்பேன். புகார் இல்லை.

பிரிவு_மூன்று

இரவுப்பணி சொல்வதில் பாதிக்கு மறுப்பு. பிளாப் எழுதிப் பதிவு வாங்கிவிட்டு வேலையில்லாமல் இருப்பவர்களை நிறையப் பார்க்கிறேன். 2019 அக்டோபரில் எல்லா மருத்துவர்களையும் ஆள் பற்றாக்குறை உள்ள தொழில்களின் பட்டியலில் சேர்த்ததும் வெளிநாட்டில் படித்தவர்களும் சிறப்பு மருத்துவப் பயிற்சி இடங்களுக்கு முதல் சுற்றிலேயே போட்டியிடலாம் என்றானது, கூட்டம் கூட்டமாக வந்தோம். 2025இல் ஏறத்தாழ 10,000 பயிற்சி இடங்களுக்கு 30,000 பேருக்கு மேல் விண்ணப்பித்தார்கள். அந்த வருடம் ஜூலையில் அரசு வெளியிட்ட பத்தாண்டுத் திட்டத்தில் இங்கே படித்தவர்களுக்கும், அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ்.ஸில் கணிசமான அனுபவம் உள்ளவர்களுக்கும் முன்னுரிமை என்று வெளிப்படையாகவே எழுதிவிட்டார்கள். பயிற்சியில்லாத சாதாரண ஜூனியர் இடத்துக்கே, நான் விண்ணப்பித்த ஒன்றுக்கு விளம்பரம் காலையில் வந்து மத்தியானம் மூடிவிட்டது, விண்ணப்பங்கள் அதற்குள் நூற்றுக்கணக்கில்.

இந்தக் கூட்டத்தில் பிளாப் மட்டும் வைத்திருப்பவர் எப்படித் தனியாகத் தெரிவார்? எம்.டி. படித்த அக்காவுக்கு எம்.ஆர்.சி.பி. முதல் பகுதி தலா நூறு கேள்வியாக இரண்டு தாள், அவ்வளவுதான், ஐ.சி.யூ.வில் இருந்தவருக்கு அது சொந்த வீடு. மூன்று பகுதியும் முடித்தால் அதையே காட்டி ஜி.எம்.சி. (இங்கத்திய மருத்துவக் கவுன்சில்) பதிவு வாங்கலாம், பிளாபே வேண்டாம். வேலைக்குச் சேரும்போதே மேல்நிலையில் சேரலாம். என் ஓட்டு எம்.ஆர்.சி.பி.

இரவுப்பணி

தங்கை சொல்லும் எண்கள் சரி, முடிவுதான் எனக்கு ஒத்துவரவில்லை. எம்.ஆர்.சி.பி.யின் கடைசிப் பகுதி பேசஸ், நிஜ நோயாளிகளை வைத்து நடப்பது. வயிற்றில் கை வைத்து மண்ணீரலைத் தேட வேண்டும், மார்பில் கேட்கும் முணுமுணுப்பு எந்த வால்வினுடையது என்று பரிசோதகர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். நாலு வருடம் தொடாத கையை நேரே அங்கே கொண்டுபோய் நிறுத்தச் சொல்கிறீர்களா? மூன்று பகுதியும் முடிக்க, தேர்வுத் தேதி கிடைப்பதையும் சேர்த்தால், வேகமாகப் போனாலே ஒன்றரை வருடம், வீட்டில் குழந்தையோடு அதற்கும் மேல். அப்போது இடைவெளி ஆறு வருடம்.

நான் சொல்வது: பிளாப் 1க்குப் படிக்கும்போதே எம்.ஆர்.சி.பி. முதல் பகுதிக்கும் சேர்த்துப் படியுங்கள், பாடம் பெரும்பாலும் ஒன்றுதான், ஆழம்தான் வேறு. இரண்டையும் எழுதுங்கள். சி.வி.யில் பிளாபோடு எம்.ஆர்.சி.பி. பகுதி 1 இருந்தால் அந்த நூறு பேரில் கொஞ்சம் தலை தெரியும். மீதி இரண்டு பகுதியை வேலை பார்த்துக்கொண்டே முடிக்கலாம், வார்டில் இருக்கும்போது பேசஸுக்குத் தனியாகப் பயிற்சியே வேண்டாம், தினமும் அதுதான் வேலை.

அப்புறம் அக்கா, வார்டுக்குள் போவது எப்படி என்று கேட்டீர்கள். கிளினிக்கல் அட்டாச்மென்ட். பதிவு தேவையில்லை, ஏனென்றால் நீங்கள் எதையும் செய்யப் போவதில்லை, கூடவே நின்று பார்ப்பதுதான். சில வாரம். இதற்கென்று கட்டணம் கேட்கும் இடைத்தரகர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் போகாதீர்கள். மருத்துவமனை இணையதளத்தில் பெயரைப் பார்த்து, மூத்த நிபுணர்களான கன்சல்டன்ட்டுகளுக்கு நேரடியாக எழுதுங்கள். நாலு வரி போதும். இடைவெளியை ஒளிக்க வேண்டாம், முதல் வரியிலேயே எழுதுங்கள். நான் 60 பேருக்கு எழுதினேன், மூன்று பேர் பதில் போட்டார்கள், ஒருவர் வரச் சொன்னார். ஒருவர் போதும்.

வினை_கடைசியில்

ஜெர்மனியில் இருக்கிறேன், பிரிட்டன் விவாதத்துக்குள் மூக்கை நுழைப்பதற்கு மன்னிக்கவும், ஆனால் இந்த இழையைப் படிப்பவர்களில் இன்னும் நாடு முடிவுசெய்யாதவர்கள் இருப்பார்கள். இங்கே டாக்டர் இடம் காலி இருக்கிறது, தடுப்புச் சுவர் மொழிதான். பொது ஜெர்மன் படித்த பிறகு மருத்துவ மொழித் தேர்வு என்று ஒன்று, சி1 தரம். மூன்று பகுதி, ஒவ்வொன்றும் 20 நிமிடம்: நோயாளியிடம் விசாரிப்பது, அதை மருத்துவக் கடிதமாக எழுதுவது, இன்னொரு டாக்டரிடம் அந்தக் கேஸை எடுத்துச் சொல்வது. அதற்குப் பிறகு உங்கள் படிப்பு இங்கத்திய படிப்புக்குச் சமமா என்று பார்ப்பார்கள். நம்மைப் போன்றவர்களுக்குப் பெரும்பாலும் சமமில்லை என்று வரும், அப்போது அறிவுத் தேர்வு ஒன்று. நடுவில் அதிகபட்சம் இரண்டு வருடத்துக்குத் தற்காலிக அனுமதி வாங்கி மேற்பார்வையில் வேலை பார்க்கலாம், ஆனால் இதெல்லாம் மாநிலத்துக்கு மாநிலம் நடைமுறை மாறும்.

தேர்வில் தேறிய மறுவாரம் அவசரப் பிரிவில் ஒரு தாத்தா, "எனக்கு முதுகு இருக்கிறது" என்றார். எல்லாருக்கும்தானே இருக்கிறது என்று விழித்தேன். முதுகுவலி என்பதை அப்படித்தான் சொல்வார்களாம். பக்கத்துப் படுக்கையில் ஒரு அம்மா, "எனக்கு ரத்த ஓட்டம்" என்றார். அதற்குத் தலைசுற்றல், மயக்கம் வருகிற மாதிரி இருக்கிறது என்று அர்த்தம். எந்தப் பாடப் புத்தகத்திலும் இது இல்லை. நர்ஸ் ஒருவர் எனக்காக ஒரு சின்ன நோட்டில் இப்படிப்பட்டதையெல்லாம் எழுதிக் கொடுத்தார், அந்த நோட்டுதான் என்னைக் காப்பாற்றியது. ஒரு நல்ல சேதி: துணை வாக்கியத்தில் வினைச்சொல் கடைசியில்தான் வரும், தமிழில் யோசிப்பவருக்கு அது ஒரு விஷயமே இல்லை. இங்கிலீஷ்காரர்கள்தான் தவிக்கிறார்கள்.

சும்மாவந்தேன்

படித்ததெல்லாம் மக்கள் வரிப்பணத்தில், பிழைப்பு மட்டும் வெளிநாட்டில். அப்புறம் வேலை கிடைக்கவில்லை என்று புலம்பல். திரும்பிப் போக வேண்டியதுதானே.

மூன்றாம்முயற்சி

இதைப் பேசத் தனி இழை தொடங்குங்கள், நிஜமாகவே வந்து பேசுகிறேன், அதில் நியாயமும் இருக்கிறது. இங்கே ஒருவர் கேட்ட கேள்வி வேறு.

பழைய_டாக்டர்

நான் இந்த இழையில் சொல்லப் போவது யாருக்கும் பிடிக்காது. கனடா. 14 வருடம் சர்ஜனாக இருந்துவிட்டு 46 வயதில் வந்தேன். குடியேற்றப் புள்ளிக் கணக்கில் படிப்புக்கும் அனுபவத்துக்கும் புள்ளி போட்டுக் கூப்பிட்டவர்கள்தான் இவர்கள், வந்து இறங்கியதும் அதே படிப்பு செல்லாது என்றார்கள். கூப்பிடுகிற அரசு வேறு, உரிமம் கொடுக்கிற மாகாணக் கவுன்சில் வேறு, இரண்டும் ஒன்றையொன்று பார்த்துப் பேசுவதில்லை. இதை வருமுன் யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை, கூப்பிட்டார்களே என்ற மிதப்பு.

எம்.சி.சி. (கனடா மருத்துவக் கவுன்சில்) தேர்வு முதல் பகுதி எழுதினேன், தேறினேன். என்.ஏ.சி. என்ற செயல்முறைத் தேர்வு, அதிலும் தேறினேன். ரெசிடென்சிக்கு மூன்று வருடம் விண்ணப்பித்தேன். வெளிநாட்டுப் பட்டதாரிகளுக்கென்று ஒதுக்கிய இடங்கள் கொஞ்சம், அறுவை சிகிச்சையில் அதிலும் கொஞ்சம், கிடைத்தாலும் பின்னால் அவர்கள் சொல்லும் இடத்தில் சில வருடம் வேலை பார்க்க ஒப்பந்தம். கிடைக்கவில்லை. நேரடியாக வேலைக்கு மதிப்பிடும் திட்டம் ஒன்று உண்டு, பன்னிரண்டு வாரம் மேற்பார்வையில் பார்த்துவிட்டுத் தேறினால் உரிமம், ஆனால் பெரும்பாலும் குடும்ப மருத்துவத்துக்கு, அதுவும் அண்மையில் தனிப் பொறுப்பில் மருத்துவம் பார்த்திருக்க வேண்டும். ரெசிடென்சிக்காகக் காத்திருந்த மூன்று வருடத்தில் அந்த அண்மை போய்விட்டது. அதாவது ஒரு வாசலில் நின்று காத்திருந்ததால் இன்னொரு வாசல் மூடியது. இரவுப்பணி சொல்லும் கடிகாரம் இதுதான்.

இப்போது மருத்துவமனை ஒன்றில் தொற்றுத் தடுப்புப் பிரிவில் இருக்கிறேன். எந்த வார்டில் எந்தக் கிருமி பரவுகிறது என்று துப்புத் துலக்கும் வேலை. முதல் வருடம் ஆபரேஷன் தியேட்டர் பக்கம் போக வேண்டி வந்தால் சுற்றிக்கொண்டு வேறு வழியில் போவேன். இப்போது போகிறேன், வருகிறேன். டாக்டர் வேலைக்குத்தான் திரும்ப வேண்டும் என்று தலைவிதி ஒன்றும் இல்லை என்று அந்த அம்மாவுக்கு யாராவது சொல்ல வேண்டும், அதனால் நான் சொல்கிறேன். ஆனால் ஒரு கெடு வைத்துக்கொள்ளுங்கள். இத்தனை வருடம், இத்தனை முயற்சி, அதற்கு மேல் இல்லை என்று. நான் கெடு வைக்காததால்தான் ஆறு வருடம் இரண்டுங்கெட்டானாகக் கிடந்தேன்.

பிரிவு_மூன்று

ஐயா, இதைப் படித்துவிட்டு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன், மெடிக்கல் கோடிங் பற்றி என்ன நினைக்கிறீர்கள்? அக்கா அதையும் கேட்டிருந்தார்.

பழைய_டாக்டர்

தற்காலிகமாக என்று எடுக்கும் வேலை நோயாளி பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது என் எண்ணம். பராமரிப்பு உதவியாளர், ரத்தம் எடுப்பவர், எதுவானாலும். உரிமம் கொடுப்பவர்கள் அதை மருத்துவ அனுபவமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள், அதில் ஏமாற வேண்டாம். ஆனால் அந்த ஊர் ஆஸ்பத்திரி எப்படி நடக்கிறது, நோயாளி எப்படிப் பேசுகிறார், யாரை எப்படிக் கூப்பிடுவது எல்லாம் காதில் ஏறும். கோடிங் திரையில் அது கிடைக்காது. டாக்டராகும் எண்ணத்தை விட்டுவிட்டால் கோடிங் நல்ல வேலைதான், குறை சொல்ல மாட்டேன்.

செம்மண்_சாலை

பராமரிப்பு உதவியாளர் வேலைக்கு நானும் ஓட்டு. ஆஸ்திரேலியா வந்த முதல் வருடம் முதியோர் இல்லத்தில் அந்த வேலைதான் பார்த்தேன். எம்.பி.பி.எஸ். படித்தவன் குளிப்பாட்டிவிடுகிறான் என்று எனக்குள் ஒரு குமைச்சல் இருந்தது, உண்மையைச் சொன்னால். ஆனால் ஒரு மனிதரைக் கூச்சப்பட வைக்காமல் சட்டையைக் கழற்றுவது எப்படி என்று எந்தப் பேராசிரியரும் எனக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை, அங்கேதான் கற்றேன். ஏ.எம்.சி. (ஆஸ்திரேலிய மருத்துவக் கவுன்சில்) செயல்முறைத் தேர்வில் அது உதவியது.

இங்கே கதை சுருக்கமாக: ஏ.எம்.சி. முதல் தேர்வு கணினியில் 150 கேள்வி. அப்புறம் செயல்முறைத் தேர்வு, அல்லது சில மருத்துவமனைகளில் வேலை பார்த்துக்கொண்டே மதிப்பிடும் முறை. பிரிட்டன், அயர்லாந்து, அமெரிக்கா, கனடா, நியூசிலாந்து இந்த ஐந்தில் ஒன்றில் தேர்வும் பயிற்சியும் முடித்து வருபவர்களுக்கு ஏ.எம்.சி. தேர்வே இல்லாமல் தனி வழி இருக்கிறது, அதனால்தான் பிரிட்டனில் இரண்டு வருடம் இருந்துவிட்டு இங்கே வருபவர்கள் இத்தனை பேர். ஆனால் வெளிநாட்டில் படித்தவருக்குப் பத்து வருடத் தடை உண்டு. தடை என்றால் வேலைத் தடை இல்லை, அரசுக் காப்பீட்டில் கட்டணம் பெறும்படி தனியாகப் பார்க்க வேண்டுமானால் பற்றாக்குறைப் பகுதிக்குத்தான் போக வேண்டும். நான் இருக்கும் ஊரிலிருந்து பெரிய ஆஸ்பத்திரி 300 கிலோமீட்டர். விமானம் வரும்வரை நோயாளியும் நானும்தான். உள்ளே எவ்வளவு தூரம் போகிறோமோ அவ்வளவுக்குத் தடைக்காலம் குறையும், ஆனால் பள்ளி, மனைவியின் வேலை எல்லாம் யோசிக்க வேண்டும். என் மனைவி 900 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறாள். இது பற்றி இதற்கு மேல் எழுதப் போவதில்லை.

இரவுப்பணி

பழைய டாக்டர் ஐயாவின் பதிவுக்குப் பிறகு இதைச் சொல்வது பொருத்தமா தெரியவில்லை. லூட்விக் குட்மன் என்று ஒருவர், நாஜி ஜெர்மனியிலிருந்து 1939இல் பிரிட்டனுக்குத் தப்பி வந்த நரம்பியல் மருத்துவர். அங்கே பெரிய ஆள். இங்கே வந்து ஐந்து வருடம் ஆக்ஸ்ஃபோர்டில் ஆய்வு வேலையில்தான் இருந்தார். 1944இல்தான் ஸ்டோக் மாண்டவில்லில் முதுகுத்தண்டு அடிபட்டவர்களுக்கான பிரிவு அவர் கைக்கு வந்தது. அந்த நோயாளிகள் எப்படியும் பிழைக்க மாட்டார்கள் என்று இருந்த காலம். 1948இல் அங்கே சக்கர நாற்காலியில் இருந்தவர்களுக்கு 16 பேரை வைத்து அவர் நடத்திய வில்வித்தைப் போட்டிதான் பின்னால் பாராலிம்பிக்ஸ் ஆனது.

பழைய_டாக்டர்

தெரியும் தம்பி. குட்மனோடு வந்து குட்மன் ஆகாத மற்றவர்களையும் நான் யோசிப்பேன். ஆனால் ஐந்து வருட இடைவெளி அவருக்கும் இருந்தது என்பது இன்றைக்குத்தான் உறைத்தது, சரி.

முன்னாள்_எம்டி

மூன்று மாதம் கழித்து வருகிறேன், என்ன ஆனது என்று தனிச்செய்தியில் கேட்ட எல்லாருக்கும் சேர்த்து இங்கேயே எழுதிவிடுகிறேன்.

41 கன்சல்டன்ட்டுகளுக்கு எழுதினேன். "நான்கு ஆண்டுகளாக மருத்துவம் பார்க்கவில்லை" என்பதை முதல் வரியாகப் போட்டபோது கை நடுங்கியது. இரண்டு பேர் மறுத்து எழுதினார்கள், ஒருவர் நாலு வாரம் வரச் சொன்னார். போன திங்கட்கிழமை முதல் நாள். 'சார்' என்று கூப்பிட்டதும் அவர் சிரித்துவிட்டுத் தன் பெயரைச் சொன்னார். வயதில் என்னைவிட ஐந்தாறு வருடம் இளையவர், பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு இன்னும் வாய் வரவில்லை, எதுவும் சொல்லிக் கூப்பிடாமலே காலத்தை ஓட்டுகிறேன்.

ரவுண்ட்ஸில் பின்வரிசையில் நின்றேன். மருந்துப் பெயர்களில் பாதி புரிந்தது. சுருக்கெழுத்துகளில் கால்வாசிகூட இல்லை. மூன்றாவது படுக்கையில் ஒரு தாத்தா, ராத்திரிதான் வந்திருக்கிறார், சிறுநீர்த் தொற்று என்று ஜூனியர் சொல்லிக்கொண்டிருந்தார். சொல்வதைக் கேட்டபடியே நான் தாத்தாவின் போர்வை ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிந்தது, நான் மூச்சை எண்ணிக்கொண்டிருக்கிறேன். நிமிடத்துக்கு 28, அதிகம். யாரும் சொல்லவில்லை, கை தானாகக் கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்திருக்கிறது. படுக்கையை விட்டு நகரும்போது கன்சல்டன்ட்டிடம் மெதுவாகச் சொன்னேன். அவர் திரும்பிப் போய் எண்ணினார். அப்புறம் லாக்டேட் ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பச் சொன்னார். அன்றைக்கு மத்தியானமே தாத்தாவை ஹெச்.டி.யூ.வுக்கு (கூடுதல் கண்காணிப்புப் பிரிவு) மாற்றினார்கள்.

பள்ளிப் படிவத்தை இன்னும் கொடுக்கவில்லை, ஆசிரியை இரண்டு தடவை கேட்டுவிட்டார். ஓ.இ.டி. மறுபடி எழுதி எல்லாவற்றிலும் பி வாங்கிவிட்டேன். பிளாப் 1 தேதி எடுத்தாயிற்று. பழைய டாக்டர் ஐயா சொன்ன மாதிரி கெடுவும் வைத்திருக்கிறேன், மூன்று வருடம், ஒரு தாளில் தேதியோடு எழுதி அலமாரிக் கதவில் உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன். பிளாப் 2 அறைகளை இப்போதிருந்தே பழக வேண்டும். ராத்திரி ஒன்பதரைக்கு மேல் வாரத்தில் இரண்டு நாள் நோயாளியாக நடிக்க யாராவது கிடைப்பீர்களா?

இரவுப்பணி

செவ்வாய், வியாழன் எனக்கு ஓய்வு. நெஞ்சுவலி, தங்கச்சி போன மாதம் இறந்துவிட்டாள். கேட்டால்தான் சொல்வேன்.